இன்னும் கொஞ்சம் தள்ளி

வில்லோ ரன் குடியிருப்பில் வெர்லின் ஹோக்ஸ்ட்ராவை எல்லோரும் மேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். இண்டியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரே ஒரு சாலை, அதன் இருபுறமும் வீடுகள், சாலை சரிந்து முடிகிற இடத்தில் ஒரு குளம். அவ்வளவுதான் அந்தக் குடியிருப்பு. அதன் வீட்டுக்காரர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக அவரே தலைவர். வேறு யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் தார்ச்சாலைக்கு வெள்ளைக் கோடு போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் வெர்லின். கோடு நேராக இருந்தால் யாரும் அதைக் கவனிப்பதில்லை, வளைந்தால்தான் பேசுவார்கள் என்று அடிக்கடி சொல்வார். சங்கத்தையும் அந்தக் கணக்கிலேயே நடத்தினார். குளத்தில் பாசி ஏறாமல் மருந்து தெளிக்க ஆள் பிடிப்பது, பொதுப் புல்வெளியை அசிங்கம் பண்ணும் காட்டு வாத்துகளை விரட்டுவது, பனி விழுந்தால் விடிவதற்குள் பனி அள்ளும் வண்டி வரச் செய்வது, குப்பைத் தொட்டியை அன்று சாயங்காலமே உள்ளே இழுக்காதவர்களிடம் நயமாகச் சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. குடியிருப்பின் வாயிற்பலகைக்குக் கீழே இருக்கும் பூச்செடிகளுக்குக்கூட அவர்தான் தண்ணீர் விடுவார்.

சங்கத்தின் விதிகள் வீடுகளோடு சேர்ந்தே பிறந்தவை. கதவுக்குக் கரும்பச்சை, தபால் பெட்டிக்குக் கறுப்பு, கூரைக்குச் சாம்பல். அந்தப் பக்கம் அரசாங்கத் தெருவிளக்கு கிடையாது என்பதால் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு கறுப்புக் கம்பமும் அதன் தலையில் ஒரு விளக்கும் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அது தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். பல்பு இளமஞ்சள் வெள்ளை. வேறு நிறம் கூடாது. வீட்டுக்கு வீடு வித்தியாசம் தெரியாததுதான் வில்லோ ரன்னின் அழகு. தரகர்கள் அதைச் சொல்லித்தான் ஆட்களை அழைத்து வருவார்கள்.

மேட்டுக் கோடியில் முதல் வீடு டேல் ஸ்விங்கிளுடையது. பண்ணைகளில் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர், எழுபதைத் தாண்டியதும் நினைவு தவற ஆரம்பித்தது. முற்றத்துக்கு வந்து திரும்பினால் எது தன் வீடு என்று தெரியாமல் நிற்பார். அவர் மனைவி மார்லிஸ், தங்கள் விளக்கில் மட்டும் சிவப்பு பல்பு போட அனுமதிக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டாள். சிவப்பு என்றால் அவர் வந்துவிடுவார், லாரி ஓட்டின மனிதர், சிவப்பைக் கண்டால் நிற்பார் என்றாள். குழு கூடிப் பேசி, முடியாது என்றது. இன்று இவருக்குச் சிவப்பு என்றால் நாளைக்கு இன்னொருவர் ஊதா கேட்பார் என்று சொன்னவர் வெர்லின்தான். அதற்குப் பதிலாகப் பெரிய எண் பலகை ஒன்று மாட்டிக்கொள்ளலாம் என்றார். சமாதானமான முடிவு என்றுதான் அன்றைக்கு எல்லோருக்கும் தோன்றியது.

அந்த நவம்பரிலேயே ஒரு நாள் விளக்குகள் எரியும் நேரத்தில் டேல் வெளியே போனார். மறுநாள் காலை குளத்தின் மெல்லிய பனிப்பாளத்துக்கு அடியில் கிடைத்தார்.

டார்ச் பிடித்துத் தேடியவர்களில் வெர்லினும் ஒருவர். ஷெரீப்பின் ஆள் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "யாராவது அவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வெர்லின் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் நின்றவர் இல்லை என்று தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவளும் ஆட்டினாள். வெர்லினின் தலையும் ஆடியது.

ஆனால் டேல் அன்று வெர்லினின் வீட்டுக்கு வந்திருந்தார். வெர்லின் சாப்பாட்டு மேசையில் இருந்தார். கதவின் கைப்பிடி இரண்டு தரம் திரும்பியது. "மார்லிஸ், கதவு பூட்டியிருக்கு பாரு" என்று டேலின் குரல் கேட்டது. வெர்லின் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இது உன் வீடு இல்ல டேல். இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றார். எந்தப் பக்கம் தள்ளி என்று சொல்லவில்லை. காலடிச் சத்தம் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாளே மார்லிஸ் யாரையும் கேட்காமல் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டாள். அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த அக்டோபரில் கிப் ரட்கே என்பவன் தன் வீட்டை விற்கப் போய், புகார் கொடுத்தான். விதி விதிதான் என்று குழு, தலைவர் வெர்லினையே மார்லிஸிடம் அனுப்பியது.

"வா மேயரே," என்றாள் மார்லிஸ். "விளக்கைப் பத்தித்தானே?"

"ஆமா. வீடு பாக்க வர்றவங்கல்லாம் அந்தச் சிவப்பு என்னன்னு கிப்பைக் கேக்கறாங்களாம்."

"அவன் என்ன சொல்றானாம்?"

"கடிக்கற நாய் இருக்கற வீடுன்னு சொல்லி வைக்கறானாம்."

மார்லிஸ் சிரித்தாள். "பொய் இல்லையே. உக்காரு, காப்பி தர்றேன்."

காப்பியை வைத்தவள் எதிரே உட்காரவில்லை. ஜன்னலோரமாக நின்றாள். வெளியே கம்பத்தின் தலையில் சிவப்பு பற்றியது. முற்றத்துப் புல் கறுத்துத் தெரிந்தது.

"விளக்கை எடுத்துடறேன் வெர்லின். எனக்கு அது பெருசில்ல. ஒண்ணு மட்டும்தான் என்னைத் தின்னுது. அவருக்குத் தண்ணின்னாலே ஆகாது. மீன் பிடிக்கக்கூடப் போனதில்ல. யார் கண்ணுலயும் படல, அதனால நேரா குளத்துக்குத்தான் போயிருக்கணும்னு ஷெரீப் ஆள் சொன்னார். நேரா எதுக்குப் போகணும்? அன்னிக்கு மத்தியானம் நான் அவர்மேல கத்தினேன். கால்சட்டையை மாத்த விடலன்னு கத்தினேன். சாயங்காலம் குளிக்கப் போனேன். வந்தா ஆள் இல்ல." அவள் குரல் ஏறவில்லை. "வழி தெரியாமப் போனாரா, என்னை விட்டுப் போனாரா? அது தெரியாம நான் எப்படித் தூங்கறது, சொல்லு."

பதில் வெர்லினிடம் இருந்தது. அதைச் சொன்னால் அவள் தூங்குவாள். ஆனால் அதன் பிறகு அவள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "விளக்கு இருக்கட்டும், பாக்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கைப்பிடி திரும்பியது. இரண்டு தரம். அந்தச் சாவுக்குப் பிறகு பொழுது சாயும்போதெல்லாம் அப்படித்தான். விளக்குகள் எரிந்த கொஞ்ச நேரத்தில் கேட்கும். காற்று என்று பார்த்தார், குளிரில் மரம் சுருங்குகிறது என்று பார்த்தார். ஒரு நாளும் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

"பூட்டுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு டப்பாவே காலி," என்றாள் அவர் மனைவி ஆர்லீன், அடுப்பைப் பார்த்தபடி. "சத்தம் போடறது பூட்டுன்னு நீயும் நம்பல, நானும் நம்பல. யாரை ஏமாத்தறே?"

"உனக்கும் கேக்குதா?"

"காது கேக்காதவளையா கட்டிக்கிட்டே?"

அவருக்குத் தெரிந்த ஒரே வழி விதியின் வழி. வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்துப் போட்டால் விளக்கு விதியை மாற்றலாம். மார்லிஸுக்குச் சிவப்பையாவது வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. மறுநாள் எல்லோரும் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் தாளை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தார்.

மார்லிஸுக்கு அடுத்த வீடு டெல்ஃபின் ஓக்ஸ், ஆஸ்பத்திரி நர்ஸ். தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மேயரே, உங்க வாசல்ல ஏதாவது..." என்று இழுத்தாள்.

"என்ன ஏதாவது?"

"எங்க காலிங் பெல்ல கேமரா இருக்குல்ல. வாசல்ல ஆள் நிக்கறதா சாயங்காலமானா என் போன் அடிக்குது. திறந்து பாத்தா யாரும் இல்ல. கம்பெனியில ரெண்டு தடவை மாத்திட்டாங்க." பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். "அன்னிக்கு நான் ட்யூட்டில இருந்தேன். போன்ல டேல் முகம் வந்துச்சு. பக்கத்துலதான் டேல், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு போன் வழியாவே அங்கிருந்து சொன்னேன். அவர் தன் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாத் திரும்பினாரு. அதையும் பாத்தேன். அதுக்குள்ள பேஷன்ட் கூப்பிட்டாங்க. அப்புறம் அந்தப் படத்தை அழிச்சுட்டேன்."

அன்று ட்யூட்டி முடிந்து வந்து, ஷெரீப் ஆள் நிறுத்திய வட்டத்தில் தலையாட்டியவள் இவள்தான். வெர்லின் பேனாவை வாங்கிக்கொண்டு கீழே நடந்தார்.

அடுத்த வீடு கிப். விற்பனைப் பலகை முற்றத்தில் நின்றது. "சிவப்பை எடுக்கச் சொன்னா, சட்டத்தையே மாத்தக் கெளம்பிட்டீங்களா?" என்றான்.

"உன்கிட்டயும் வந்தாரா கிப்?"

யார் என்று கிப் கேட்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "கராஜ்ல இருந்தேன். கையெல்லாம் கிரீஸ். இது இல்ல பெருசு, இன்னும் கொஞ்சம் தள்ளின்னேன்." முற்றத்துப் பலகையைக் காட்டினான். "நான் எதுக்கு விக்கறேன்னு நெனைக்கறீங்க? கராஜ் கதவை யாரோ தட்டறாங்க மேயரே, தெனமும்."

தாளை வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

அதற்கு அடுத்தது வெர்லினின் சொந்த வீடு. கரும்பச்சைக் கதவுக்கு முன்னால் வெளியாளைப் போல நின்றார். இருட்டில் அதற்கும் கிப்பின் கதவுக்கும், எதிர்வரிசைக் கதவுகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒவ்வொருவரும் ஒருமுறை, குரல் உயர்த்தாமல், இரண்டு மூன்று வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தைகள் டேலைக் கைமாற்றிக் கைமாற்றிக் குளம் வரைக்கும் கொண்டு போய் விட்டிருக்கின்றன. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி மேட்டில் ஏறினார்.

மார்லிஸ் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று சொன்னார். டெல்ஃபின், கிப், தான். தன் வாயால் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார். "அவர் உன்னை விட்டுப் போகல மார்லிஸ். வீடு வீடா உன்னைத் தேடிக்கிட்டு வந்தார். நாங்கதான் அனுப்பிவெச்சோம்."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் கதவுக்கிட்ட அவர் என்ன சொன்னார்?" என்றாள் அவள்.

"மார்லிஸ், கதவு பூட்டியிருக்கு பாருன்னார்."

"எந்தக் குரல்ல? கோவமாவா?"

"இல்ல. சாவி மறந்துட்டு வந்தவன் கூப்பிடற மாதிரி."

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். தொப்பியைத் தேடினாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, "மிச்சத்தையும் கேக்கணும்" என்றாள்.

முதலில் டெல்ஃபின் வீடு, பிறகு கிப் வீடு. வெர்லின் இரண்டடி பின்னால் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் மார்லிஸ் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: அவர் என்ன சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவர்கள் அதைச் சொல்ல ஆரம்பித்தபோதும் கையமர்த்தினாள். டெல்ஃபின் அழுதாள். கிப், அவர் ஏதோ பால் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னதாகச் சொன்னான். கீழே போகப் போகக் கதவுகள் அவர்கள் தட்டுவதற்கு முன்பே திறந்தன. கிழவர் ஒருவர், டேல் ஒன்றும் பேசாமல் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். ஒருத்தி, மழையா என்று கேட்டார் என்றாள். அன்றைக்கு மழை இல்லை.

கடைசி வீட்டுக்கு அப்பால் புல்லும் குளமும்தான். அந்த வீட்டில் இருந்தவன் குவென்டின் என்ற இளைஞன், இடுப்பில் குழந்தையோடு வந்தான். மார்லிஸைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"அதுக்கு முந்தின நாள்தான் குடி வந்தோம் மேடம். இந்தப் பக்கம் வீடு இல்ல, குளம்னு எனக்கு..."

"அது வேண்டாம் தம்பி. அவர் என்ன சொன்னார்?"

அவன் வெர்லினைப் பார்த்தான். வெர்லின் தலையசைத்தார்.

"தொப்பியை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாரு," என்றான் குவென்டின். "தொந்தரவுக்கு மன்னிக்கணும், நானும் இங்கதான் எங்கயோ குடியிருக்கேன்னாரு."

"இன்னொரு தடவை சொல்லு."

அவன் இன்னொரு தடவை சொன்னான்.