எட்டு வந்த வண்டி

புது ஸ்கூட்டர் வாசலில் நின்றது. எனக்காக வாங்கியதுதான். நம்பர் 4391 என்று வந்ததும் என் வீட்டுக்காரர் விரல்விட்டுக் கூட்டினார். பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு ஆகாதாம். சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நானோ சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு உத்திரமேரூர் போய், கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்க வேண்டும். இன்னொரு நாள் தாமதமானால் காலை வகுப்பு வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வந்த கோபத்தில் ஒன்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். எவ்வளவு பெரிய எண்ணையும் ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போகும். வீட்டிலுள்ள காகிதங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆதார் மூன்று. ரேஷன் கார்டு ஆறு. பயிர்க் காப்பீட்டு ரசீதின் பதினெட்டு இலக்க எண், எட்டு!

“யோவ், நீ சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிக்கினு கீறியே, அந்த ரசீதும் எட்டுதான்.”

ரசீதைப் பிடுங்கி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு தடவை கூட்டினார். ஐந்து.

“இன்னாமே, உன் கம்ப்யூட்டருக்குக் கூட்டவே தெர்ல? இத்தைத்தான் அங்க சொல்லிக் குடுத்துக்கினு கீறியா?”

தப்பு என்னுடையதுதான். போடுவதை ஒரே எண்ணாக வாங்கும்படி புரோகிராமை எழுதியிருந்தேன். அத்தனை நீள எண்ணின் கடைசி இலக்கங்களைக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டது. தனித்தனி எழுத்தாக வாங்கும்படி ஒரு வரியை மாற்றினேன். ஐந்து வந்தது. எனக்கு மானமே போயிற்று.

கம்ப்யூட்டரையே ஜெயித்தவருக்குக் கை சும்மா இருக்குமா? மிச்சக் காகிதங்களையும் எடுத்துவைத்துக் கூட்ட ஆரம்பித்தார். ஒரு காகிதத்தைக் கூட்டி முடித்ததும் பென்சில் நின்றுவிட்டது.

“இன்னா வந்துச்சு?”

“கழனி மோட்டார் கரண்டு நம்பரு.”

“அதான், இன்னா?”

“எட்டு.”

ஒரு தடவைகூடக் காயில் எரிந்து ரிப்பேருக்குப் போகாத மோட்டார் என்று டீக்கடையில் அவர் பீற்றிக்கொள்வது அதைத்தான். நானும் புரோகிராமில் போட்டுப் பார்த்தேன். எட்டேதான்.

“அப்போ நாளிக்கு கனெக்‌ஷனைப் புடுங்கிடலாமா?”

“வாய மூடுமே” என்று பீரோவைத் திறந்தார்.

காலையில் சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினேன். முதலாளி வருவதற்கு முன்பே போய், சென்டரின் பூட்டிய கதவருகே நின்றேன்.