அடைக்கலம் போட்ட ஒடுக்கு

காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டு மேலேயே என் பஞ்சர் கடை. பக்கத்துத் தகரக் கொட்டகை அடைக்கலத்தின் டிங்கரிங் பட்டறை. கார், வேன், எது இடிபட்டு வந்தாலும் பள்ளத்தை நிமிர்த்தி ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கின மாதிரி கொடுத்துவிடுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எப்படி இடித்தது என்று வண்டிக்காரரிடம் கேட்கவே மாட்டார். "கேட்டா பொய் சொல்லுவாங்க, இல்லேன்னா அழுவாங்க. ரெண்டும் நமக்கு எதுக்கு?" என்பார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன கார்த்திகையில் ஒரு சாண் நீளப் பொம்மை டாங்கியைக் கட்ட உட்கார்ந்தார். கொண்டுவந்து கொடுத்தது காத்தமுத்து அண்ணன். ராணுவத்தில் டாங்கி ஓட்டினவர், எங்கள் தெருதான். மகள் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பெட்டிக்குள் எல்லாமே துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் வெட்டி ஒட்ட வேண்டும். அண்ணனுக்குக் கை நடுக்கம். மிளகளவு சாமானை எங்கே பிடிப்பது?

"தம்பி, வைகுண்ட ஏகாதசிக்கு ராவ் ஸ்ரீரங்கம் வரான்" என்றார். "பீமராவ். தஞ்சாவூர்க்காரன், இப்ப ஓசூர்ல இருக்கான். என் வண்டியில பீரங்கி சுடுறவன் அவன்தான். அவனுக்கு பைபாஸ் ஆயிருக்கு, என் கை இந்த லட்சணத்துல இருக்கு. இன்னொரு தடவை பார்த்துக்குவோமான்னு தெரியல. இதை அவன் கையில கொடுக்கணும். பார்த்ததும், இது நம்ம வண்டிடான்னு அவன் சொல்லணும்."

"பிளாஸ்டிக்தானேண்ணே. பம்பரையே ஒட்டுறேன், இது என்ன பெரிய விஷயம்" என்றார் அடைக்கலம்.

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. பெயின்ட் அடிக்குமுன் தின்னரில் துடைக்கிற பழக்கத்தில் முதல் நாளே ஒரு சக்கரத்தைத் துடைத்தார். சக்கரம் அல்வா மாதிரி இளகிவிட்டது. கெட்டுப்போன முகத்தை உள்பக்கமாகத் திருப்பி மாட்டிச் சமாளித்தார். "என்னய்யா, ஊர் வண்டியெல்லாம் நிமிர்த்துறே, பொம்மையைக் கரைச்சுட்டியே" என்றேன். "உன் டியூபை ஒட்டுற வேலையைப் பாரு" என்றார்.

ஆனால் நானும் என் வேலையைப் பார்க்கவில்லை. பஞ்சருக்கு ஆள் வராத நேரமெல்லாம் அங்கேதான் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் முதல் சந்தேகம் ஸ்டீயரிங். பெட்டி முழுக்கத் தேடியும் காணோம்.

"ஸ்டீயரிங்கே கிடையாதுப்பா" என்று சிரித்தார் காத்தமுத்து அண்ணன். "டிரைவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கம்பி. இடது கம்பியை இழுத்தா இடது செயின் நிக்கும். வலது செயின் ஓடி வண்டியைத் திருப்பிடும்."

"பொக்லைன் திரும்புற மாதிரியா?" என்றேன்.

"அதேதான்."

செயின் வைத்த பொக்லைன் எங்கள் ரோட்டில் பள்ளம் தோண்டாத வருஷம் கிடையாது. அது எப்படித் திரும்புகிறது என்று ஒரு நாளாவது யோசித்தோமா? அன்றைக்குச் சாயங்காலம் வரை அடைக்கலம் இரண்டு ஸ்பேனரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

மார்கழி பிறந்து, ஏகாதசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டாங்கி முடிந்தது. பச்சை பெயின்ட், அதன் மேல் பளபளக்கிற கிளியர், அதன் மேல் பாலிஷ். முகம் பார்த்துத் தலை சீவலாம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அண்ணன் வந்து கையில் வாங்கினார், மேலே பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கிற உருண்டைத் தலையைத் தடவினார். முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி, சோப்புக்கட்டி மாதிரி வழுவழுன்னு இருக்கு?"

"கம்பெனிக்காரன் சரியா பண்ணலண்ணே" என்றார் அடைக்கலம் பெருமையாக. "தலை பூரா சொரசொரன்னு இருந்துச்சு. மூலைக்கு மூலை வெல்டிங் வழிஞ்ச மாதிரி நெளிநெளியா தடம் வேற. எல்லாத்தையும் பட்டி போட்டு மூடித் தேய்ச்சுட்டேன்."

அண்ணன் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அது குறை இல்லப்பா. அந்தத் தலை இரும்பைக் காய்ச்சி அச்சுல ஊத்தினது, சொரசொரன்னுதான் இருக்கும். நெளிநெளியா இருந்தது வெல்டிங்கேதான்." டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா இது யாரோட வண்டியோ. எங்களோடது இல்ல." டாங்கியை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடைக்கலம் அன்றைக்குப் பட்டறையைச் சீக்கிரமே சாத்திவிட்டார். மறுநாள் காலையில் டாங்கியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, உங்க வண்டியில அடி எதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சே. முன்னாடி, இடது பக்கம், செயினுக்கு மேல மட்கார்டு இருக்குல்ல, அதுல ஒரு ஒடுக்கு."

அடைக்கலம் துண்டைப் பிரித்து டாங்கியின் மட்கார்டைத் தடவினார். பிறகு கேட்டார். "எப்படிப் பட்டுச்சு?"

நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"ராஜஸ்தான்ல பயிற்சிக்குப் போயிருந்தோம். ஒரே மணல் காத்து. ஒரு ஒட்டகம் குறுக்க வந்து நின்னுக்கிச்சு, நகரவே மாட்டேங்குது. கம்பியை இழுத்து வண்டியை ஒடிச்சேன், கிணத்தடிக் கல்தூண்ல போய் இடிச்சிட்டேன். மேஜர் வாங்கு வாங்குன்னு வாங்கினார். ஆனா பாரு, அந்தப் பள்ளத்துல டீ கிளாஸ் கச்சிதமா உட்கார்ந்துச்சு. இன்ஜின் ஓடினாக்கூட ஒரு சொட்டு சிந்தாது. அன்னையிலேர்ந்து ராவுக்கு டீ அங்கதான். ஒர்க்ஷாப்காரன் ஒடுக்கு எடுக்க வந்தப்ப ராவ் அது மேலேயே ஏறி உட்கார்ந்துக்கிட்டான், எந்திரிக்கவே இல்லையே!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தலைகீழ் வேலை. பாலிஷைத் தேய்த்து எடுத்தார். பட்டியைக் குழைத்துத் தலை மேல் பூசி, காய்வதற்குள் பழைய டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினார். மிச்சமிருந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி நூலாக இழுத்து, மூலைகளில் ஒட்டி, பிளேடால் கீறி வெல்டிங் தடம் வைத்தார். எடுத்ததையெல்லாம் திரும்ப வைக்க நாலு நாள் ஆனது.

கடைசியில் ஒடுக்கு. ஸ்பூனின் பின்பக்கத்தைச் சுட வைத்து அழுத்த வேண்டும். தயிர் டப்பா மூடியில் பழகினார். முதலில் ஓட்டை விழுந்தது, அப்புறம் கோணிக்கொண்டது. டாங்கிக்குப் பக்கத்தில் ஸ்பூனைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"எடுத்தே பழகின கைடா. போட வரமாட்டேங்குது" என்றார் என்னிடம்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி" என்றார் காத்தமுத்து அண்ணன், எதிரே குனிந்துகொண்டு. "அழுத்திடாதே, வையி. கிளாஸ் சாயக் கூடாது."

வைத்தார். ஒரு பட்டாணி உட்காருகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

ஏகாதசிக்கு மறுநாள் காத்தமுத்து அண்ணன் வீட்டுக்குப் பீமராவ் வந்தார். சொர்க்கவாசல் கூட்டத்தில் மிதிபட்ட காலோடு நொண்டிக்கொண்டே வந்தார். நானும் அடைக்கலமும் வாசற்படியிலேயே நின்றுகொண்டோம். காத்தமுத்து அண்ணன் பெட்டியை நீட்டும்போது கை ஆடியதில் பெட்டியே கடகடவென்றது.

ராவ் எடுத்துப் பார்த்தார். "அட, டேங்க்! அழகா இருக்கேடா. எந்தக் கடையில வாங்கினே?"

அடைக்கலம் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

ராவ் விரலால் தலையைத் தடவினார். சொரசொரப்பில் விரல் மெதுவாகப் போனது. அப்படியே முன்பக்கம் இறங்கி, மட்கார்டில் வந்து நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய் முத்து" என்றார். "டீ எங்கடா?"

காத்தமுத்து அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவருதான் ஒடுக்கைப் போட்டாரு" என்று அடைக்கலத்தைக் காட்டினார். ராவ் எழுந்து வந்து அடைக்கலத்தின் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒட்டகத்தை விட்டுட்டீங்களே" என்றார்.

அந்த வாரமே பட்டறைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. பின்கதவு நன்றாக உள்ளே போயிருந்தது. அடைக்கலம் வழக்கம்போல் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். என் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"எப்படிங்க பட்டுச்சு?"

"ஏங்க, இன்சூரன்ஸுக்கு எழுதணுமா?" என்று அந்த ஆள் பயந்தார்.

"இல்லைங்க. சும்மாதான் கேட்டேன்."

அந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கார் மேல் சாய்ந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். "அது வந்துங்க, போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட முக்கொம்பு போயிருந்தோம். என் மச்சான் இருக்கானே..."

நான் கழற்றிக்கொண்டிருந்த டயரைக் கீழே போட்டுவிட்டு அங்கே போனேன்.