ஐந்தாவது துருப்பு

ஐந்து. இந்த எண்ணை மறக்காதீர்கள். தேவானந்தம் மறந்தார்.

ஆம்பூர் தோல் தொழிலாளர் சங்கச் செயலாளர் அவர். ஊர்வலம், உண்ணாவிரதம், எட்டு மாத ஜெயில் எல்லாம் பார்த்தவர். ‘முதலில் எதிரியின் பலத்தை எண்ணு’ என்று துண்டறிக்கை எழுதி இரண்டாயிரம் பிரதி அச்சடித்தவர். பிழை திருத்தியதும் அவரே. படித்தவர் வேறு யாரோ.

1934-இல் வாசகசாலையின் பெரிய அறைக்குச் சண்டை வந்தது. ஞாயிறுதோறும் அங்கே தோல் மண்டி குமாஸ்தாக்கள் பிரிட்ஜ் ஆடினார்கள். கைநாட்டுத் தொழிலாளிகளுக்கு எழுத்துச் சொல்லித்தர, சங்கம் அதே அறையைக் கேட்டது. மனு போட்டிருக்கலாம். தேவானந்தம் ஜெயிலில் பிரிட்ஜ் கற்றவராயிற்றே, கர்வம் சும்மா விடுமா?

“ஒரே ஆட்டம். ஏலம் எடுக்கிறவன் சொன்ன பிடியை எடுத்தா ரூம் அவனுக்கு. இல்லேன்னா எதிராளிக்கு.”

“பேச்சு மாறக்கூடாது தலைவரே,” என்று சிரித்தார் தலைமைக் குமாஸ்தா சுப்பராயன்.

இஸ்பேட் துருப்பு, பதின்மூன்று பிடியில் பத்து என் பக்கம் என்று தேவானந்தம் ஏலம் எடுத்தார். கூட்டாளி ஜெயகரன் வாத்தியார் தன் சீட்டுகளை மேஜையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார், ஆட்ட விதி அப்படி. கையில் ஆறு துருப்பு, மேஜையில் இரண்டு. மொத்தத் துருப்பு பதின்மூன்றில் மீதி ஐந்து எதிராளிகளிடம்.

ஜன்னலுக்கு வெளியே பட்டம்மாள் சிலேட்டோடு நின்றாள். தோல் எண்ணிக் கட்டுகிறவள். தன் பேரைத் தானே எழுதிவிட வேண்டும் அவளுக்கு.

“இன்னாண்ணே, உள்ள வரலாமா?”

“இதோம்மா!”

தேவானந்தம் இரண்டு முறை துருப்பு இறக்கினார். எதிராளிகள் இருவரும் இரண்டு முறையும் துருப்பே போட்டார்கள். நாலு போயிற்று. அங்கே எண்ணுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“பாத்தீங்களா தோழர்களே, எதிரி கை காலி!”

ஜெயகரன் பலமாக இருமினார். தேவானந்தம் அதை ஆதரவுக் குரல் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து ஆர்ட்டின் ஜாதியில் இறக்கிய ஏஸ், ராஜா இரண்டும் பிடி எடுத்தன. ராணியை இறக்கியபோது, சுப்பராயனின் கூட்டாளி மக்பூல் அகமது அதன்மேல் இஸ்பேட் ஏழாம் சீட்டை மெதுவாக வைத்து வெட்டினார்.

“இன்னா சார், என்னைக் கேக்காமலே என் கையைக் காலி பண்ணிட்டீங்க?”

இன்னொரு முறை துருப்பு இறக்கியிருந்தால் அந்த ஏழு தானாக விழுந்திருக்கும். ராணியோடு, போகும் என்று தேவானந்தம் முன்பே ஒதுக்கியிருந்த மூன்று பிடிகளும் போயின. ஆட்டம் முடிந்தது.

தலைவருக்கு மனசு ஒப்பவில்லை. “என் பிடியை மறுபடி எண்ணணும். குமாஸ்தாங்க எண்ணினா ஒத்துக்க மாட்டேன்.”

“பின்ன யாரு எண்றது?”

“பட்டம்மா எண்ணட்டும்.”

சிலேட்டை வாசலில் வைத்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். தோல் எண்ணுகிற வேகத்தில் விரல் ஓடியது. தேவானந்தத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒம்பது.”