திங்கள்வரை வைக்காத மீன்

அந்த மீனை நான் முழுதாகக் காணவில்லை. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்து சிட்னியின் டூங்கபியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பின்வளவுக் குழாயடியில் இரத்தம் கழுவிய ஈரம் இருந்தது. குசினியில், எங்களிடம் இருந்த மிகப் பெரிய சட்டியில் தலை கொதித்துக்கொண்டிருந்தது. மூடி சட்டியோடு பொருந்தாமல் தலைமேல் சரிந்து கிடந்தது.

"நாலு வீட்டுக்கும் குடுத்திட்டன்," என்றார் அண்ணை. "நடுத்துண்டு நோத்மீட்டிலை இருக்கிற அன்ரிக்கு. ஐஸ்பெட்டிக்குள்ளை இடமில்லையெண்டு பேசிப்பேசித்தான் மனுசி வாங்கினது."

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சிட்னிக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அண்ணை எட்டு வயதில் மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறியவர். எனக்கு வேலை கிடைத்து நான் இங்கே முதலில் வந்தேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடமொன்றில் நிறுத்துப் பார்ப்பதும் எழுதுவதும் என் வேலை. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்து வைக்கக்கூடாது என்பது அங்கே முதல் நாள் சொல்லித் தந்தது. அந்த வெள்ளை மேலங்கியை வீட்டில் மடித்து வைக்கும்போதுகூட எனக்குப் பெருமையாக இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் படிவங்கள் நிரப்பி அண்ணையையும் இங்கே எடுப்பித்தேன். அவருக்கு ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும், அவர் சொல்லச்சொல்ல அம்மாவுக்கு எழுதுவதும் நான்தான்.

தொழிற்சாலையில் மீன்பிடிக் கழகம் ஒன்று இருந்தது. சனி, ஞாயிறுகளில் ஹோக்ஸ்பரி ஆற்றின் கடல் பக்கத்துக்குப் போவார்கள். அங்கே ஏறிவரும் ஒரு மீனை இந்த நாட்டில் சால்மன் என்கிறார்கள். வருடத்தின் மிகப் பெரிய சால்மனைப் பிடித்தவரின் பெயரைச் சாப்பாட்டறைப் பலகையில் பொன்னிற மையால் எழுதுவார்கள். பலகையில் ஏறாத மீன்களும் நிறைய இருந்தன. நூலை அறுத்துக்கொண்டு போனது, வலைக்குள் வந்தும் வழுக்கியது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பெரிய சால்மன் இருந்தது. அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள், யாரும் கோபிப்பதில்லை. அண்ணை பிழை விட்டது அங்கேதான். அவர் தன் மீனைப் பலகையில் எழுதச் சொல்லிக் கேட்டார்.

"பத்தொன்பது இறாத்தல்," என்று அந்தச் சனிக்கிழமையே என்னிடம் சொன்னார். அதுவரை பலகையில் இருந்த பெரிய மீன் பதினொன்று.

"நிறுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"கையாலை தூக்கினால் எனக்குத் தெரியாதோ?"

கழகத்தின் தராசு ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தூண்டில் கடையில் இருந்தது. அந்தக் கடை சனிக்கிழமை நடுப்பகலோடு பூட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கும். அண்ணை அன்று ஆற்றுக்குத் தனியாகப் போய், பிடித்த மீனைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது கடை பூட்டியிருந்தது.

"திங்கள்வரைக்கும் வச்சிருந்திருக்கலாமே, அண்ணை."

"மீனை வெட்டாமல் ரண்டு நாள் கிடத்துறதோ? அதென்ன, பிரேதமே? புதுத் தூண்டிலிலை பட்ட முதல் மீன். நாலு வீட்டுக்குப் பங்கு வைக்காமல் நான் தின்னுறதோ?"

திங்கட்கிழமை அவர் வேலையால் வந்து காலணியைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கழகத்தின் செயலாளர்தான் அவருடைய பகுதியை மேற்பார்க்கும் போர்மனும். சாப்பாட்டறையில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னதை அண்ணை தனக்குத் தெரிந்த அளவில் சொல்லிக் காட்டினார். இங்கே சால்மனை யாரும் தின்பதில்லை. நிறுப்பார்கள், படம் எடுப்பார்கள், பிறகு வீசுவார்கள் அல்லது தூண்டிலுக்கு இரையாக வெட்டுவார்கள். பலகையில் ஏறக்கூடிய மீனை ஒருவன் கறிக்கு வெட்டினான் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. மீன் இருந்தது என்பதையே அதனால் நம்பவில்லை.

"என்ரை பூனைகூட உந்த மீனைத் தின்னாது எண்டு சொன்னவன்," என்றார் அண்ணை. "எல்லாரும் மேசையிலை தட்டிச் சிரிச்சாங்கள். கறிக்குள்ளை எத்தினை இறாத்தல் வளர்ந்ததெண்டு ஒருத்தன் கேட்டான்."

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். சாட்சிப் படிவம். என் தங்கச்சி ஆய்வுகூடத்தில் வேலை என்று அவர் அங்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஆய்வுகூடப் பெண் கையெழுத்து வைத்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

நான் வாசித்தேன். 'மேற்படி மீனை முழுமையாகவும் வெட்டப்படாமலும் என் கண்ணால் கண்டேன்.'

"நான் காணேல்லை, அண்ணை."

"தலையைக் கண்டனீ. மூண்டு நாளாய்த் தின்னுறாய்."

"முழுசாய்க் கண்டன் எண்டு எழுதியிருக்கு. பொய்க்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

"நான் பொய் சொல்லுறனோ?"

"நீங்கள் சொல்லேல்லை. நான் வச்சால் அது பொய்."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அதில் ஓரெழுத்தும் அவருக்குத் தெரியாது.

"என்னை இஞ்சை எடுப்பிக்கேக்கை, ஐஞ்சாம் வகுப்புவரை படிச்சவன் எண்டு எழுதினனீ," என்றார். "அதை எங்கை கண்டனீ?"

அவரை எடுப்பித்த படிவத்தில் கல்வி என்ற இடம் இருந்தது. வெறுமையாக விட்டாலும் அவரை நாட்டுக்குள் விட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, என் அண்ணன் படிக்காதவர் என்று நினைக்கக்கூடாது என்பதற்காக எழுதினேன். கீழே கையெழுத்தும் வைத்தேன்.

அப்போதும் நான் கையெழுத்து வைக்கவில்லை. தலையைக் கண்டேன், சட்டிக்கு மூடி பொருந்தவில்லை, நாலு வீட்டார் துண்டுகளை வாங்கினார்கள் என்று வேறொரு தாளில் உண்மையை எழுதிக் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றியது இரண்டு கிழமை கழித்து, பரிசளிப்பன்று.

அது ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறு மத்தியானம். அண்ணை போகமாட்டார் என்று நினைத்தேன். சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, "வா, போவம்," என்றார். பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிறகு ஒருவர் பிடித்த பன்னிரண்டு இறாத்தல் மீனுக்குப் பரிசு. செயலாளர் என்னைக் கண்டதும் கையில் இறைச்சித் தட்டோடு வந்தார்.

"நீதானே தங்கை? படித்த பிள்ளை. நீ கையெழுத்து வைக்காதபோதே எங்களுக்கு விளங்கிவிட்டது," என்று ஆங்கிலத்தில் சொல்லி அண்ணையின் தோளில் தட்டினார். "பரவாயில்லை, நண்பா. எங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு மீன் இருக்கிறது."

அன்பாகத்தான் சொன்னார். எழுதிக் கொடுக்கலாம் என்று அந்த நேரத்தில்தான் தோன்றியது. என் கைப்பையில் பேனை இருந்தது. நான் "நன்றி" என்று சொன்னேன். வென்றவரின் பெயரை வாசித்தபோது அண்ணை மற்றவர்களைவிட நீளமாகக் கைதட்டினார்.

அதன் பிறகு தூண்டில் கராஜில் கிடந்தது. அம்மாவுக்குக் கடிதம் எழுத அவர் என்னிடம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்து நோத்மீட் அன்ரி வீட்டுக்குப் போனார். வந்த கடிதங்களையும் அங்கேதான் வாசிப்பித்தார். என்னோடு கோபமாக ஒரு சொல் பேசவில்லை. "சாப்பிட்டனியோ?" என்று கேட்பார். அடுத்த குளிர்காலத்தில் மெல்பேணில் கார்த் தொழிற்சாலை வேலை என்று போய்விட்டார். அங்கே நிரப்ப வேண்டிய படிவங்களை யார் நிரப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவர் போய் மூன்றாம் மாதம் அம்மாவின் கடிதம் வந்தது. ஊரில் யாரோ எழுதிக் கொடுத்தது. அண்ணன் ஆற்றில் பெரிய மீன் பிடித்தானாம், தங்கச்சியும் பக்கத்தில் நின்று கண்டவள் என்று எழுதுவித்திருந்தான், இங்கே எல்லாரும் கேட்கிறார்கள், நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்ரியிடம் போனேன்.

"ஓம், நான்தான் எழுதினனான்," என்றார் அவர். "சொல்லேக்கை கண் கலங்கிப்போனான். நீ கண்டனீதானே, பிள்ளை?"

"ஓம், அன்ரி."

அன்று பின்னேரமே அம்மாவுக்குப் பதில் எழுதினேன். முழு மீனையும் வெட்டுவதற்கு முன் கண்டேன் என்று எழுதினேன். நிறையையும் எழுதினேன், பத்தொன்பது இறாத்தல் என்று. கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிரதி எடுத்து மெல்பேணுக்கும் அனுப்ப நினைத்தேன். அங்கே அதை அவருக்கு யாரோ வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அனுப்பவில்லை.