விமானத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தேன்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. விமான என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியும், அவ்வளவுதான். என் பெயர் துலுக்காணம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். 1974 ஐப்பசியில், சோழவரத்தில், இது எனக்கு நடந்தது.

சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும் இடம், யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை என்று பலருக்குத் தெரியும். அதன் கோடியில், வேலிக்கருவைப் புதருக்குள், புரொப்பெல்லர் வைத்த ஒரு டர்போபிராப் விமானம் நின்றது பலருக்குத் தெரியாது. சாமான் ஏற்றும் விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜின். எழுபதாம் வருஷம் கோளாறாகி அங்கே இறங்கியது. முதலாளி நொடித்துப்போனார். அப்புறம் அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

என் அண்ணன் நாகமுத்துவைத் தவிர. நாங்கள் இருவரும் மீனம்பாக்கத்தில் மெக்கானிக்குகள். லீவு கிடைத்தால் அண்ணன் சோழவரத்தில் இருப்பான். சம்பளமில்லாத வேலை. எண்ணெய் போடுவான், குருவிக் கூட்டை எடுப்பான், காற்றில் சுற்றித் தேயக்கூடாதென்று புரொப்பெல்லர்களைக் கயிற்றால் கட்டுவான்.

“இத்த ஒரு நாள் நாமளே வாங்கி பறக்க வுடணும்டா” என்பான்.

நான் சிரிப்பேன். அவனும் சிரிப்பான். ஆனால் அவன் சொன்னது நிஜமான ஆசை என்று எனக்குத் தெரியும்.

எழுபத்தொன்றில் கார்த்திகைப் புயல் வந்தது. லீவில் ஊருக்கு வந்திருந்த அண்ணன், யாரிடமும் சொல்லாமல் மழையில் வெளியே போனான். திரும்பவில்லை. மறுநாள் அவன் படகு ஏரி நடுவில் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் குப்பத்தில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. படகு கவிழ்ந்தால் ஆள் தண்ணீரில். வலை போட்டுத் தேடினோம். முகத்துவாரம் வரை தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை. காரியத்தன்று ஏரியில் பால் ஊற்றினோம். அதன் பிறகு அண்ணி செங்கம்மாள் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏரியில் சோறு போடுவாள். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே வயிறு எரியும்.

மூன்று வருஷம் கழித்து, விமானம் விலைக்கு வந்தது. புதுவாயலில் லாரி ஷெட் வைத்திருந்த என் சிநேகிதன் வரதன் கூட்டுச் சேர ஒப்புக்கொண்டான். சரிசெய்து, இறால் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பலாம் என்றான். அவனுக்கு அது தொழில். எனக்கு அண்ணனுடைய ஆசை. மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் வேண்டாம் என்றால் பழைய இரும்புக்காரர்கள் வெட்டி எடுத்துப்போவார்கள்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பழைய படகுன்னா ஒரு ராத்திரி படுத்துப் பாக்காம வாங்குவியா தம்பி?”

எங்கள் குப்பத்து வழக்கம் அது. பழைய படகை வாங்குகிறவன் முதலில் அதில் தனியாகப் படுப்பான். நல்ல தூக்கம் வந்தால் வாங்கலாம். செத்துப்போன யாராவது அதை விட்டுப் போகாமல் இருந்தால், தூங்க விடமாட்டார்கள்.

“அது ஏரோப்ளேன் அண்ணி.”

“அவுரு ஆசப்பட்ட பொருளு. படுத்துப் பாரு.”

வரதன் விழுந்து விழுந்து சிரித்தான். “பாயோட கொசுவலையும் எத்துக்கினு போ நைனா!”

போனேன். மாலை ஐந்தரைக்கு அங்கே இருந்தேன். ஓடுபாதைக் காவலாள் சடையப்பன் வழிகாட்டிவிட்டுத் தன் குடிசைக்குப் போய்விட்டார். வெளிச்சம் இருக்கும்போதே விமானத்தைச் சுற்றிப் பார்த்தேன். டயர்கள் சப்பையாகிக் கிடந்தன. வலது புரொப்பெல்லர் கட்டியிருந்தது. அண்ணன் போட்ட முடிச்சு, எங்கள் படகு முடிச்சு. அதைத் தொட்டதும் அழுகை வந்துவிட்டது. இடது பக்கம் கயிறு இல்லை. இற்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடிவயிற்றில் சாமான் அறை. அதன் கதவுக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. காலையில் எண்ணெய் விட்டுத் திறக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு மேலே ஏறிப் பாயை விரித்தேன். டார்ச், ஒரு ஸ்பேனர், இரண்டுதான் துணை. ஸ்பேனர் அந்த வருஷம் சித்திரையில்தான் வாங்கியது. மீனம்பாக்கத்து ஷெட் பையன்கள் சுட்டுக்கொண்டு போவார்கள் என்று பிடியில் என் பெயரின் முதலெழுத்தை, ‘து’ என்று வெட்டி வைத்திருந்தேன்.

படுத்தேன். வெளியே தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. மழை நாள், தகரம் மாதிரித் தரை... சில்லென்று இருக்க வேண்டும். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் என் முதுகுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓர் ஆள் படுத்து எழுந்த அளவுக்கு.

பாயைத் தள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் வெதுவெதுப்பு.

எட்டு பத்து. மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்தது. கதவை மூட எழுந்தேன். அப்போதுதான் கவனித்தேன்... தவளைச் சத்தம் நின்றிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் எந்தக் கதவை மூடுவதற்கு முன்பும் அண்ணனும் நானும் தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவோம். உள்ளே ஆள் இருந்தால் திரும்ப மூன்று முறை தட்டுவான். ‘நான் இருக்கிறேன், மூடாதே’ என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த பழக்கம் அது.

பழக்கதோஷம். என் கை தானாகவே ஸ்பேனரால் தட்டியது.

டங்.

தொப்... தொப்... தொப்.

என் காலுக்குக் கீழே.

“யாரு? சடையப்பனா?”

மழைச் சத்தம் மட்டும். இரும்பு தட்டிய சத்தமில்லை அது. கை. விரல்களை மடக்கித் தகட்டில் குத்துகிற சத்தம்.

இன்னொரு முறை தட்டினேன்.

தொப்... ... தொப்... ... தொப்.

இந்தத் தடவை மெதுவாக. கை வலிக்கிறவன் தட்டுவது மாதிரி.

“அண்ணா...?”

தொப்தொப்தொப்தொப்தொப்...

நிற்கவே இல்லை. என் பாதத்தில் அதிர்ந்தது.

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

குதித்தேன். ஓடினேன்.

பின்னால்...

டங். டங். டங்.

சடையப்பன் குடிசையில் போய் விழுந்தபோது மணி எட்டு இருபது. பேய் நடுராத்திரிக்குத்தான் வரும் என்று யார் சொன்னதோ.

காலையில் வரதன் வந்தான். “இன்னாப்பா, தூங்கினியா?”

“வேணாம் வரதா. வுட்டுடலாம்.”

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவன் சிரிக்கவில்லை.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். ஏரியில் போன அண்ணனின் ஆவி, ஆசைப்பட்ட விமானத்தில் வந்து தங்கியிருக்கிறது... அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தை மாதம் விமானத்தை வெட்டினார்கள். உடனே வரச்சொல்லிச் சடையப்பன் ஆள் அனுப்பினார். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சாமான் அறைத் தாழ்ப்பாளை கேஸ் வைத்து அறுத்துத் திறந்திருந்தார்கள். உள்ளே, கதவில் சாய்ந்தபடி, எலும்புகள். மடியில் ஒரு சுருள் கயிறு. இடுப்பில் வெள்ளி அரைஞாண். அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா?

புயலில் அண்ணன் ஏரிக்கே போகவில்லை. புரொப்பெல்லரைக் கட்ட வந்திருக்கிறான். ஒன்றைக் கட்டிவிட்டு, இன்னொன்றுக்குக் கயிறு எடுக்க உள்ளே நுழைந்திருக்கிறான். காற்றில் கதவு அறைந்து தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. அவன் படகு தானாக அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவ்வளவு பெரிய ஏரியைச் சல்லடை போட்டுத் தேடிய நாங்கள், தரையில் ஒரு அடி தேடவில்லை.

“அந்தப் பொயலுக்கு அப்பால நாத்தம் வந்துச்சு” என்றார் சடையப்பன். “நரி செத்துகிதுன்னு இருந்துட்டேனே...”

அண்ணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“மூணு வருசமா தண்ணிக்குச் சோறு போட்டனே... மனுசன் இங்க பசியோட கெடந்தாரே...”

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பேயை மறந்தாலும் அதை மறக்க முடியவில்லை.

நான் குனிந்து எலும்புகளை ஒவ்வொன்றாக வேட்டியில் எடுத்தேன். வலது கைக்கு வந்தேன். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

ஸ்பேனர்.

பிடியைத் திருப்பினேன்.

‘து’.

மேலே, அன்று நான் நின்ற தரைத் தகட்டில் ஓட்டை இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஓர் ஊசி நுழையவும் வழியில்லை. கதவின் உட்பக்கம் துரு ஏறிக் கறுத்திருந்தது. அதில் மூன்று இடம் மட்டும் புதிதாக நசுங்கிப் பளபளத்தது.