லயத்தில் ஒரு குதிரை செத்த சாயங்காலம்

நேற்று புந்தோங் பழைய சாமான் கடையில், ஓடுகிறதா என்று பார்க்கக் கடைக்காரர் ஒரு வீடியோ கேம் பெட்டியைப் போட்டுவிட, சூடேறிய பிளாஸ்டிக் வாசனையில் பீடோர்ப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்து லயம் எழுந்து வந்தது. இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனைதான் நிற்கிறது. அன்று தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு பலகைச் சுவர் வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டுக்கும் மணக்கும், ஒரு வீட்டில் அழுதால் ஆறு வீட்டுக்கும் கேட்கும்.

ஒன்பது வயதில் ஒரு சாயங்காலம் நான் வாய்விட்டு அழுதேன். கேமில் மாதக்கணக்காக நான் ஓட்டிவந்த கறுப்புக் குதிரை, என்னைப் பாலத்துக்கு அப்பால் இறக்கிவிட்டுச் செத்துப்போனது. யாருக்கு என்னவோ என்று, ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் போகாத கையோடு ஓடிவந்தார் பக்கத்து வீட்டுப் பேச்சி அக்கா.

“ஒண்ணும் இல்லக்கா, கேம்ல குதிரை செத்துப் போச்சாம்லா,” என்று அம்மா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “எத்தன நாளா வச்சிருந்த, புள்ள?”

“ஆறு மாசம்.”

தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகை ஓயும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வழக்கமாக “வாரேன்” என்று மூன்று தடவை சொல்லியும் வாசலிலேயே நின்று பேசுகிறவர், அன்று ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சாவு வீட்டில் யாரும் வாரேன் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.