வைக்கோலில் இறங்கிய கால்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நான் டிரில் டீச்சராக இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். "அந்தம்மாவுக்கு எதுக்கு விசில், வாயே போதுமே" என்று தலைமையாசிரியை என் காது படவே சொல்லியிருக்கிறார். கோபத்தில் நான் செய்த காரியங்கள் பலவற்றை நினைத்துப் பின்னாளில் சிரித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் நினைத்து இன்றைக்கும் என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு பெண்ணைப் போட்டிக்கு அனுப்புவதா, இன்னும் ஒரு வருஷம் பழக்குவதா என்று நான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நம்ம ஆட்கள் வந்துவிட்டார்கள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சுவரெல்லாம் கொடி, மேடையெல்லாம் தமிழ். வயலில் மட்டும் ஒன்றும் அசையவில்லை. நிலம் பண்ணை வீடுகளில் இருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்ததும் செத்துப்போனவர் பேரிலும் பிறக்காத பிள்ளை பேரிலும் பட்டாவை மாற்றினார்கள். அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லிச் சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். கேட்ட தெருவுக்கு வேலை இல்லை என்றது பண்ணை.

அந்தத் தெருப் பெண்தான் அவள். ஏழாம் வகுப்பு. குச்சி மாதிரி கை கால். அப்பா சங்கத்தில் முன்னால் நிற்கிறவர், அம்மா நடவுக்குப் போகிறவள். பள்ளிக்குச் சேர்ந்த புதிதில் வாய்க்கால் கரையில் புத்தகப் பையை வீசிவிட்டு, சும்மா நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாக ஒரு பல்டி அடித்தாள் பாருங்கள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "யாருடி உனக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்று அதட்டினேன். அடிக்கப் போகிறேன் என்று நினைத்து, "இனிமே செய்ய மாட்டேங்க டீச்சர்" என்றாள். கழுதை, செய்யத்தானே சொல்கிறேன்!

பள்ளியில் தோல் போர்த்திய மரக்குதிரை ஒன்று பழைய காலத்துச் சாமானாகக் கிடந்தது. ஓடி வந்து அதன் முதுகில் கை ஊன்றி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இறங்குகிற இடத்தில் பள்ளம் வெட்டி மணல் நிரப்ப வேண்டும் என்று நான் படித்த கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் களிமண் பூமி. மணலுக்கு எங்கே போவது? வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போக வேண்டும். ஆனால் வைக்கோலுக்கா பஞ்சம்? அறுவடை முடிந்தால் களத்துக்குக் களம் மலை மாதிரி போர் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு வண்டி கேட்டால் இரண்டு வண்டி கொண்டுவந்து கொட்டுவார்கள். பள்ளம் நிறைய வைக்கோல் நிரப்பினேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் அந்த வைக்கோலில் குதித்தாள் அவள். சும்மா சொல்லக் கூடாது, காற்றில் அவளைப் பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். இடுப்பு வரை வைக்கோலில் புதைந்து, கையைத் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நிற்பாள்.

அந்தக் கார்த்திகையில் டிரில் டீச்சர்கள் கூட்டம் என்று தஞ்சாவூருக்குப் போனேன். மார்கழியில் மாவட்டப் போட்டி. நடத்தப்போகிற இடத்தைக் காட்டினார்கள். சிமெண்டுத் தரை, அதன் மேல் ஒரு தேங்காய்நார் மெத்தை. மெத்தை என்று பெயர்தான், கை வைத்துப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. டவுன் பள்ளிப் பெண் ஒருத்தி பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்ணுக்கு முன்னால் அவள் பல்டி ஒன்றுமே இல்லை. ஆனால் இறங்கும்போது முட்டியை மடக்கிப் பூனை மாதிரி இறங்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பெண் முட்டியை மடக்கியதே இல்லையே. வைக்கோலில் எதற்கு மடக்க வேண்டும்? கால் தானாக உள்ளே போகிறது.

மறுநாள் அவளை வகுப்பறை பெஞ்சு மேல் ஏற்றி, தாழ்வாரத்துச் சிமெண்டில் குதிக்கச் சொன்னேன். கம்பு மாதிரி இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு இறங்கினாள். பல்லோடு பல் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. "சுளீர்னு மண்டை வரைக்கும் போவுதுங்க டீச்சர்" என்று சிரித்தாள். பெஞ்சு உயரத்துக்கே இப்படி. குதிரைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்த நார் மெத்தையில் இறங்கினால்? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தலைமையாசிரியைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அமைச்சர் வந்து கோப்பை கொடுக்கிறாராம், நம் பள்ளிப் பெயர் பத்திரிகையில் வருமாம். "கோப்பை பெருசா, அவ கழுத்து பெருசா?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அவருக்கும் எனக்கும் அது வழக்கமான சண்டை.

வழக்கமில்லாதது அவள் அப்பா வந்ததுதான். சாயந்திரம், பள்ளி விட்ட பிறகு, வேப்பமரத்தடியில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எத்தனை சொல்லியும் தாழ்வாரத்தில் ஏறவில்லை.

"டீச்சர், புள்ளைய அனுப்பிடுங்க."

"அவ இன்னும் பழகலைங்க. இறங்கத் தெரியாது. கால் போயிடும். ஒரு வருஷம் குடுங்க, அடுத்த மார்கழிக்குத் தங்கமா கொண்டுபோறேன்."

"ஜெயிச்சா பொங்கல் முடிஞ்சதும் மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு புள்ள சொல்லுச்சு. ஆஸ்டல்ல வச்சு அவங்களே படிக்க வைப்பாங்களாம்."

"ஆமா. அடுத்த வருஷமும் அதே ஆஸ்டல்தான் இருக்கும்."

அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வருஷம்னு ஒண்ணு எங்களுக்கு இருக்கான்னு தெரியலீங்க. இந்தத் தடவ அறுப்பு சும்மா முடியாது. வெளியூர் ஆளுங்கள எறக்கப் போறாங்க. நாங்க விட மாட்டோம். என்ன வேணா ஆவட்டும், புள்ள மட்டும் அன்னிக்கு இங்க இருக்கக் கூடாது. அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நின்றது நார் மெத்தையும் அவள் கால்களும்தான். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் அவள் விழுந்தால், யார் பழக்கியது, எங்கே பழக்கியது என்று கேட்பார்கள். வைக்கோலில் பழக்கினேன் என்று நான் சொல்ல வேண்டும். அந்த அவமானத்தை நினைத்தாலே எனக்கு எரிந்தது. எரிந்த எரிச்சலை அந்த மனிதர் மேல் காட்டினேன்.

"பெத்தவரா பேசுங்க! முதுகு ஒடிஞ்சு கொண்டுவந்தா யார் பதில் சொல்றது?" என்று கத்தி, போட்டிக்கு எழுதி வைத்திருந்த பாரத்தை அவர் முன்னாலேயே நாலாகக் கிழித்துப் போட்டேன். என் கையெழுத்து இல்லாமல் யாரும் அவளை அனுப்ப முடியாது. அவர் குனிந்து அந்தக் காகிதத் துண்டுகளைப் பொறுக்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அவளிடம் நானே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அடுத்த வருஷம் நிச்சயமாங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியமாடி" என்று அவள் உள்ளங்கையில் அடித்தேன்.

அன்றே பள்ளத்து வைக்கோலை அள்ளி ஓரமாகக் குவிக்கச் சொன்னேன். முதலில் ஒரு படி உயரத்திலிருந்து வெறுந்தரையில் குதிக்க வைத்தேன், பிறகு இரண்டு படி. "முட்டிய மடக்குடி, முட்டிய மடக்கு" என்று தொண்டை வறளக் கத்தினேன். பத்துத் தடவைக்கு ஒரு தடவை மடக்கினாள். பரவாயில்லை, ஒரு வருஷம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். எட்டு நாள் நடந்தது அது.

ஒன்பதாம் நாள் காலையில் பள்ளி வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. போலீஸ். அறுவடை முடியும்வரை அவர்களுக்கு முகாம் எங்கள் பள்ளிதானாம். பின்கட்டு வகுப்புகள் மூன்றும் அவர்களுக்கு, மைதானமும் அவர்களுக்கு. நான் குவித்து வைத்திருந்த வைக்கோலை அள்ளிக்கொண்டுபோய் வகுப்பறைகளில் பரப்பிப் படுத்துக்கொண்டார்கள். என் மரக்குதிரை மேல் ஈர வேட்டிகள் காய்ந்தன. நான் சும்மா இருப்பேனா? இன்ஸ்பெக்டரிடம் போய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எங்களுக்கும் இங்க இருக்க ஆசை இல்லம்மா. உங்க பசங்கள கொஞ்ச நாளைக்கு வயக்காட்டுப் பக்கம் போகாம பாத்துக்கங்க" என்றார்.

அந்தத் தெருப் பிள்ளைகள் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. எப்படி வருவார்கள்? அப்பன்மாரைத் தேடுகிறவர்கள் இங்கேயல்லவா படுத்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தினமும் ஒரு சுழி விழுந்தது. மார்கழிப் போட்டி வந்தது, போனது. கோப்பை டவுன் பள்ளிப் பெண்ணுக்குப் போனது. பொங்கல் முடிந்து அந்த டவுன் பெண் மெட்ராஸ் ரயில் ஏறினாள் என்று பத்திரிகையில் படித்தேன். நல்லவேளை, நம் பெண்ணின் கால் தப்பியது என்று அப்போதும் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

தை கடைசியில் மேட்டூரில் தண்ணீரை நிறுத்தினார்கள். வாய்க்கால்கள் வற்றி, அடிமண் வெடித்துக் கிடந்தது. நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது, யாரும் அரிவாள் வைக்கவில்லை. காற்றடித்தால் மணி உதிர்கிற சத்தம் கேட்கும். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் போனார்கள். பண்ணை வீட்டு ஜீப் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பள்ளிக்கு வந்து போனது. அந்த நாட்களில் எனக்குக் கத்தத் தோன்றவே இல்லை.

மாசியில் ஒரு காலை. நான் வாய்க்கால் கரை வழியாகப் பள்ளிக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். கிழக்கு வயலில் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். வரப்பில் அந்தத் தெருக்காரர்கள் குறுக்கே நின்றார்கள். நடுவில் போலீஸ். யார் முதலில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தது விசிலுக்குப் பிறகுதான். தடியடி. பொம்பளை ஆம்பளை பார்க்காமல் விரட்டினார்கள். எல்லோரும் கரையை நோக்கி ஓடி வந்தார்கள், அவர்களுக்கு முன்னால் அவள் ஓடி வந்தாள். கையில் தூக்குவாளி. அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். அவளைத்தான் விரட்டினார்களா, அவள் பின்னால் ஓடியவர்களையா, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கரை மதகில் போய் முடிகிறது. அவள் நிற்கவில்லை. மதகுச் சுவரின் மேல் ஒரு கால் வைத்தாள், எழும்பினாள். இரண்டாள் உயரம். கை இரண்டும் மேலே, முதுகு நேராக, நான் சொல்லிக் கொடுத்தபடி. அந்த நேரத்திலும் என் பாழும் மனசு, அடடா என்றது. அடுத்த நொடி அவள் கால்களைப் பார்த்தேன். கம்பு மாதிரி நீட்டியிருந்தன.

"முட்டிய மடக்குடீ!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக என் ஆயுளில் நான் கத்தியதில்லை.

கீழே வாய்க்கால் கட்டாந்தரை. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

மாட்டுவண்டியில் திருத்துறைப்பூண்டிக்கு, அங்கிருந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு. அப்பாவை அன்றே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் இடுப்பில் அந்தக் கிழிந்த பாரம் இன்னும் இருந்ததா என்று தெரியவில்லை, அந்த நினைப்பு என்னை விடவே இல்லை. பத்து நாள் கழித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் என்னைச் சொந்தக்காரி என்று நினைத்து வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இடது கால் கூடிவிடும், வலது முட்டி நொறுங்கிவிட்டது. நடப்பாள். ஆனால் அந்த முட்டி இனிமேல் மடங்காது.

உள்ளே போனேன். இரண்டு காலிலும் மாவுக்கட்டு. கட்டிலுக்குக் கீழே அவள் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் தோளைப் பிடித்து அமுக்கினேன். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க கத்துனது கேட்டுச்சுங்க டீச்சர். முட்டிய மடக்கணும்னு தெரியும். அந்த நேரத்துல மறந்து போச்சு. கோச்சுக்காதீங்க."

இரண்டு வருஷம் வைக்கோல், எட்டு நாள் தரை. அந்தக் கால்கள் எதை நினைவில் வைத்துக்கொள்ளும்?

"இன்னும் பத்து மாசம் இருக்குல்லங்க டீச்சர்" என்றாள். "கட்டு அவுத்ததும் தரையிலேயே பழகுறேன். மடக்கி மடக்கியே பழகிடுறேன். அடுத்த மார்கழிக்குக் கூட்டிட்டுப் போவீங்கள்ல? சத்தியம் பண்ணியிருக்கீங்க."

நான் தலையாட்டினேன்.